புதுப்பிப்பு: இயங்காத மடிக்கணினியிலிருந்து கோப்புகள் கிடைத்துவிட்டன

பவர் பட்டனை அழுத்தினாலும் அசையாத மடிக்கணினியிலிருந்து குடும்பப் படங்களை மீட்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது, கோப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி, யூஎஸ்பி வழியாக இணைக்க உதவும் உறையில் போட்டு வேறு கணினியில் இணைக்கச் சொன்னவரின் யோசனை.

முதலில் அவசரப்பட்டு சாட்டா என்ற இணைப்பு வகைக்கான உறையை வாங்கிவிட்டேன். என் எஸ்எஸ்டியோ என்விஎம்இ என்ற வேறு வகை; அந்த உறையில் வேலை செய்யாது. உறையை மாற்றியதும் எஸ்எஸ்டி கணினியில் உடனே தெரிந்தது. ஆனால் கோப்புகளை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவி கேட்டது! நான் எதையும் பூட்டியதாக நினைவே இல்லை; விண்டோஸ் தானாகவே பூட்டியிருக்கிறது. நல்ல வேளையாக, சாவி என் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருந்தது. பயனர் கோப்புறைக்கு அனுமதி இல்லை என்ற எச்சரிக்கையில் ‘தொடர்க’ என்பதை அழுத்திச் சற்றுப் பொறுத்தேன், திறந்துகொண்டது. படங்கள் அனைத்தும் பத்திரமாக இருக்கின்றன.