வலை முகவரியில் '&' வந்தால் தகவல் அறுபடுகிறது

கேள்வி (காரைக்குடி):
வணக்கம். எங்கள் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு வரும் ஆர்டர்களை வலை முகவரியின் வழியாக ஒரு கிளவுட் சேவைக்கு அனுப்புகிறேன். 'பூ & பார்டர்' என்று அனுப்பினால் 'பூ' மட்டுமே பதிவாகிறது. கோரிக்கை எங்களுடையதுதான் என்று சேவைக்கு உறுதிப்படுத்தும் மின் கையொப்பத்தில் உள்ள '+' குறி இடைவெளியாக மாறி, கோரிக்கையே நிராகரிக்கப்படுகிறது. என் தவறு எது?

பதில் (தேவகோட்டை):
'&' என்பது ஒரு மதிப்பை அடுத்ததிலிருந்து பிரிக்கும் குறி; ஆகவே அதற்குப் பின்னால் இருப்பதைச் சேவை வேறொரு தகவலாகக் கொள்கிறது. '+' குறியோ, படிவங்களின் பழைய வழக்கப்படி இடைவெளியாகப் படிக்கப்படுகிறது. வலை முகவரிகளை எழுதும் முறையை வரையறுக்கும், 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 3986 என்ற தர ஆவணத்தின்படி, ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், '-', '.', '_', '~' ஆகியவற்றை மட்டும் அப்படியே விட்டு, மற்ற அனைத்தையும் சதவீதக் குறியீடாக (இடைவெளியை '%20' என்று எழுதுவதுபோல) மாற்றுவதே பாதுகாப்பானது. முழு முகவரியையும் சேர்த்து மாற்றாமல், ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியே, ஒரே ஒரு முறை மாற்றுங்கள். இரண்டாம் முறை மாற்றினால் '%20' என்பது '%2520' ஆகிவிடும். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க நான் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தேன்.

பதில் (கானாடுகாத்தான்):
நீளத்தையும் கவனியுங்கள், தம்பி. எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் (புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறியீடுகள்) 3 பைட்டுகள். முகவரியில் அது 9 குறிகளாகும். 'ஆத்தங்குடி' என்ற ஒரு சொல்லே 90 குறிகளாக நீளும். மேலும், இப்படிச் சதவீதக் குறிகளாக மாற்றும் குறியாக்கம், பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறையாக்கம் ஆகாது: எவரும் அதைத் திருப்பிப் படிக்கலாம், முகவரிகள் சர்வர் பதிவேடுகளிலும் தங்கிவிடும். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணையும் கடவுச்சொல்லையும் எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பின் வழியே, முகவரியில் அல்லாமல் கோரிக்கையின் உடற்பகுதியில்தான் அனுப்ப வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மதிப்புகளைத் தனித்தனியே மாற்றியதும் இரண்டு கோளாறுகளும் தீர்ந்தன, அண்ணா. தொலைபேசி எண்ணை இன்றே முகவரியிலிருந்து நீக்குகிறேன்.