தம்பி அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதிப் படிவத்தில் கடனை மறைத்துவிட்டான், இப்போது என்ன செய்வது?

கொக்குவில்_அக்கா:
தம்பி மேரிலாந்தில் இருக்கிறான், அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்டான். அரசாங்க ஒப்பந்த வேலை செய்கிற கம்பனி ஒன்றில் வேலை சரிவந்திருக்கிறது, ஆனால் அரசாங்க இரகசியத் தகவல்களைப் பார்ப்பதற்கான பாதுகாப்பு அனுமதி வேண்டுமாம். அப்பா படுக்கையில் விழுந்த வருடம் இவன் இரண்டு கிரெடிட் கார்டில் எடுத்து இங்கே யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அனுப்பினான், அடுத்த மாதமே அவனுக்கு வேலையும் போனது. 18,000 டொலர் நிலுவை நின்று, ஒரு கார்டுக் கடன் வசூல் கம்பனிக்குப் போய்விட்டது. எங்கள் மாமா ஒருவர் "வங்கியே கைவிட்ட கடனை ஏன் எழுதுகிறாய்" என்று சொல்ல, இவனும் அந்த அனுமதிக்கான எஸ்எஃப்-86 படிவத்தில் கடன் கேள்விக்கு "இல்லை" என்று போட்டு அனுப்பிவிட்டான். இப்போது நித்திரை இல்லை. எனக்கு அடைவு வைத்த நகையை மீட்கிற கணக்குத்தான் தெரியும். விளங்கினவர்கள் சொல்லுங்கள்.

வேர்ஜினியா_பெடியன்:
அக்கா, மாமாவை முதலில் ஒரு பக்கம் வையுங்கள். கடைசி 7 வருடத்தில் 120 நாளுக்கு மேல் கட்டாமல் நின்ற கடன் உண்டா, வசூலுக்குப் போனது உண்டா என்று அந்தப் படிவம் நேரடியாகக் கேட்கிறது. கடன் அறிக்கையையும் விசாரிக்கிற அதிகாரிகளே எடுத்துப் பார்ப்பார்கள், வங்கி கைவிட்டது என்பதும் அதில் எழுதியிருக்கும். அனுமதி கொடுக்கலாமா என்று முடிவெடுக்க 2017 ஜூனிலிருந்து நடைமுறையில் உள்ள 13 வழிகாட்டிகளில் கடனுக்கு ஒன்று, நடத்தைக்கும் நேர்மைக்கும் இன்னொன்று. வேலை போனது, நோய், விவாகரத்து மாதிரிக் கைமீறின காரணத்தால் வந்த கடன், அதன் பிறகு ஆள் பொறுப்பாக நடந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறார் என்றால் அதைத் தணிக்க அங்கேயே இடம் இருக்கிறது. தெரிந்துகொண்டே பொய் எழுதினதுக்கு அவ்வளவு இரக்கம் இல்லை, சட்டப்படி 5 வருடம் வரை சிறைக்கும் வழியுள்ள குற்றம் அது. ஆனால் அதிகாரி பிடித்துக் கேட்பதற்கு முன் தானாகவே திருத்தினால் அதைக் கணக்கில் எடுப்பார்கள். நாளைக்கே கம்பனியில் இந்த அனுமதி விஷயங்களைப் பார்க்கிற பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

சங்கானைச்_சந்தை:
சும்மா பயமுறுத்தாதேங்கோ. எனக்குத் தெரிந்த ஒருவர் எல்லாத்தையும் எழுதி, அதாலேயே அனுமதி கிடைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

வேர்ஜினியா_பெடியன்:
அவர் கட்டத் தொடங்கியிருந்தாரா? எழுதிவிட்டு ஒரு சதமும் கட்டாமல் இருந்தால் யார் கொடுப்பது. மறுக்க நினைத்தாலும் முதலில் காரணக் கடிதம் வரும், பதில் எழுதலாம், நீதிபதி முன் விசாரணையும் கேட்கலாம். தம்பி இன்றைக்கே வசூல் கம்பனியோடு தவணை பேசி, கட்டின ஒவ்வொரு ரசீதையும் வைத்திருக்கட்டும்.

திருநெல்வேலிக்_கணக்கர்:
ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். வெளிநாட்டவருக்குக் காசு கொடுத்து உதவியதுண்டா, வெளிநாட்டில் காணி பூமி உண்டா என்றும் அதே படிவம் கேட்கும். அப்பாவுக்கு அனுப்பினதும் அதில் வரும். கொக்குவில் காணி உறுதியில் தம்பியின் பெயர் இருந்தால் அதுவும் வரும். அப்புறம், காசு வங்கியால் வந்ததா, வங்கி இல்லாமல் ஆட்கள் மூலம் அனுப்புகிற உண்டியலால் வந்ததா? கேட்டால் உள்ளபடி சொல்லட்டும், அங்கே உரிமம் இல்லாமல் உண்டியல் நடத்துவது குற்றம் என்பதால் அதை மழுப்பப் போய்க் கதை இன்னும் சிக்கலாகும். நாங்கள் கடனை ஒழுங்கைக்குள் தெரியாமல் மூடி வைத்துப் பழகின ஆட்கள், அந்தப் பழக்கம் இந்தப் படிவத்துக்குச் சரிவராது.

கொக்குவில்_அக்கா:
தம்பியோடு கதைத்தேன், காலையில் அலுவலருக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டான். கணக்கர் ஐயா, பாதி வங்கி, பாதி உண்டியல்தான். நல்ல வேளை, எவ்வளவு எந்தத் திகதியில் வந்தது, எந்த மருந்துக்குப் போனது என்று அம்மா ஒரு சிஆர் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறா. படம் எடுத்து அனுப்பப் போனால் நடுவில் நாலு பக்கம் இல்லை, பிள்ளைகள் கிழித்துக் கப்பல் செய்திருக்கிறார்கள். வங்கிக் கூற்றை எடுத்து அந்த மாதங்களை நிரப்பினால் போதுமா?