மறு: டைப்போகிராபியும் ஓவியமும் கலந்த வேலைக்கு என்ன பேர்? - 'எழுத்தோவியம்'

எல்லாருக்கும் வணக்கம்,

டைப்போகிராபியும் (எழுத்து வடிவமைப்பு) ஓவியமும் ஒண்ணாக் கலந்த வேலைக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு குழுவுல கேள்வி வந்திருக்கு. முந்தின மடல்ல ஒரு ஐயா சொன்ன 'சித்திர எழுத்து' இதுக்குப் பொருந்தாதுன்னு நினைக்கிறேன், பழைய எகிப்து எழுத்துக்கே அந்தப் பேர் ஓடிட்டிருக்கு, டிசைன் படிக்கிற பிள்ளைங்க குழம்பிடுவாங்க. 'உருவெழுத்து' அழகான சொல், யாப்பருங்கல விருத்திங்கிற பழைய யாப்பிலக்கண உரையிலயே ஓவியன் கைவினை மாதிரி எழுதுறதுன்னு அதுக்கு விளக்கம் இருக்கு, ஆனா ஃபாண்டுக்கு எழுத்துருன்னு வச்சாச்சே, ரெண்டையும் ஒரே வகுப்புல சொன்னா நாக்கு மாத்திப் போட்டுரும்.

எதுக்குப் பேர் வைக்கிறோம்னு முதல்ல முடிவு பண்ணிக்கணும். போஸ்டர்ல படம் போட்டு பக்கத்துல தலைப்பு வச்சா அது லேஅவுட் (பக்க அமைப்பு), அதுக்குப் புதுச்சொல் வேண்டாம். எழுத்தையும் படத்தையும் பிரிச்சா ரெண்டுமே இல்லாம போயிடுற வேலை இருக்கே, அதுக்குத்தான் தேடுறோம். அமெரிக்க டிசைனர் ஹெர்ப் லுபாலின் 1965ல பண்ண 'மதர் அண்ட் சைல்ட்' லோகோவைப் பாருங்க, மதர்ல வர்ற ஓ எழுத்தோட வயித்துக்குள்ள அண்ட் குறி (&), அதுக்குள்ள சைல்ட்ங்கிற சொல் சின்னதா உக்காந்திருக்கும், தனியா ஒரு படமும் வரையலை, ஆனா தாய் வயித்துல குழந்தை இருக்கிறது பளிச்சுனு தெரியும்.

இதுக்கு நான் சொல்றது எழுத்தோவியம். தமிழ்ல இந்த மாதிரி தொகையில பின்னாடி வர்ற சொல்தான் முதன்மை, அதனால எழுத்தாலேயே ஆன ஓவியம்னு பொருள் தானா வந்துடுது. திருப்பிப் போட்டா ஓவியவெழுத்து, அதையும் விட்டுடாதீங்க, அயர்லாந்துல இருக்கிற கெல்ஸ் நூல் (கையால எழுதின நற்செய்தி ஏடு) மாதிரி கி.பி. 800 வாக்குல வந்த ஏடுகள்ல எழுத்து எழுத்தாவே நிக்கும், அதோட சுழிகளைச் சுத்தி பூனை, எலின்னு வரைஞ்சிருப்பாங்க, அந்த வகைக்கு இது கச்சிதம்.

சித்திரக்கவின்னே (செய்யுளோட எழுத்துகளை ஒரு படத்துக்குள்ள அடைக்கிற பழைய கவிவகை) சொல்லலாமேன்னு இன்னொருத்தர் கேட்டிருந்தார். எனக்கும் அந்தச் சொல் மேல பாசம் உண்டு. ஆனா அதுல ஒரு வகையான நாகபந்தத்துல, அதாவது பாம்பு வடிவப் படத்துல அடைக்கிற செய்யுள்ல, எழுத்தோட வடிவம் மாறுறதே இல்ல, பாம்பு பின்னிக்கிற இடத்துல ஒரே எழுத்து ரெண்டு அடிக்கும் பொதுவா வரணும், சாமர்த்தியம் முழுக்க செய்யுள்லதான். நம்ம டிசைனர் கை வைக்கிறது கொம்பு, சுழி, புள்ளியில. புள்ளியைச் சூரியனாக்கலாம், ழகரத்தோட வாலை ஆறா ஓட விடலாம், ஆனா துணைக்காலை (ா) மரமாக்கினா ரகரமா படிச்சுடுவாங்க, அதனால 'சொல்லாகவும் படிக்க முடியணும்'ங்கிற நிபந்தனை வரையறையிலயே இருக்கணும்.

பத்திரிகையில ஒருத்தரைப் பத்தி எழுதுற கட்டுரையையும் எழுத்தோவியம்னு சொல்றாங்கதான், அது இலக்கியம், இது வடிவமைப்பு, அகராதியில துறைக்குறிப்பு போட்டா போதும். செய்றவருக்கு எழுத்தோவியர், வினையா எழுத்தோவியமாக்கு. மறுப்பு இருந்தா ஒரு எடுத்துக்காட்டோட சொல்லுங்க, இல்லன்னா எழுத்தோவியம், ஓவியவெழுத்து ரெண்டையும் நம்ம சொற்பட்டியல்ல ஏத்திடலாம்.