தாத்தா திதி 2025 (குடும்பக் குழு)

ஈசூன் அத்தை, இரவு 7:42
ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் என்று இன்றைக்குள் சொல்லிவிடுங்கள். கோவிலில் காலை 9 மணிக்கு அர்ச்சனை, அப்புறம் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் சாப்பாடு. சமையல்காரர் 30 பேருக்குக் குறைந்தால் எடுக்க மாட்டாராம்.

அம்மா, 7:44
நாங்கள் 4

சித்தப்பா, 7:45
3. சின்னவனுக்கு முகாமில் விடுப்பு கிடைக்காவிட்டால் 2

மாமா, 7:45
வடை உண்டா

ஈசூன் அத்தை, 7:46
பக்கத்து அறையில்தானே இருக்கிறீர்கள், எழுந்து வந்து கேளுங்கள்

பெரியம்மா, 7:48
திதி வெள்ளிக்கிழமை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் அது விருந்து, திதி இல்லை. போன வருடமே சொன்னேன்.

ஈசூன் அத்தை, 7:48
வெள்ளிக்கிழமை யாருக்கு விடுப்பு அண்ணி

நான், 7:51
பெரியப்பா, ஒரு உதவி வேண்டும். தொடக்கக் கல்லூரியில் ஓர் ஒப்படைப்பு. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு தேர்தலைப் பற்றிக் கேட்டு இரண்டு பக்கம் எழுத வேண்டும். 2011 சிங்கப்பூர் அதிபர் தேர்தலில் டாக்டர் டான் செங் போக் ஏன் தோற்றார்? நீங்கள் அவருக்காக வேலை செய்தீர்கள் என்று அப்பா சொன்னார். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

அப்பா, 7:52
பாப்பா, இதைத் தனியாகக் கேட்டிருக்கலாம்

ஈசூன் அத்தை, 7:52
போச்சு

பெரியப்பா, 8:09
பாப்பா, கேட்டதே சந்தோஷம். முதலில் 7,382 என்று எழுதிக்கொள். டோனி டான் 745,693 வாக்கு, டாக்டர் டான் 738,311. விழுக்காட்டில் 35.20, 34.85. நான்கு பேர் நின்றார்கள், நான்கு பேருமே டான். ஆகஸ்ட் 27, சனிக்கிழமை வாக்களிப்பு. வித்தியாசம் 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால் மறுபடி எண்ணினார்கள், முடிவு அறிவித்தபோது விடியற்காலை நான்கு மணி தாண்டிவிட்டது. அன்று சொன்ன வித்தியாசம் 7,269, வெளிநாட்டு வாக்குகளையும் சேர்த்த பிறகு 7,382 ஆனது. இருபது லட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்த தேர்தலில் இவ்வளவுதான். எங்களோடு நின்ற பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள்.

சித்தப்பா, 8:10
தொடங்கிவிட்டார்

பெரியப்பா, 8:21
ஏன் தோற்றார் என்று கேட்டாய். அவர் நடுவில் நின்றார், அதனால் தோற்றார். 1980 முதல் 2006 வரை ஆயர் ராஜா தொகுதியில் ஆளும் மக்கள் செயல் கட்சியின் (மசெக) எம்பி, 26 வருடம். எம்பி ஆவதற்கு முன்பே அமா கெங் கம்பத்தில் மருந்தகம் வைத்திருந்தவர். தேர்தலில் நிற்காதவர்களை நாடாளுமன்றத்துக்கு நியமிக்கும் நியமன எம்பி முறை வந்தபோது கட்சியிலேயே இருந்துகொண்டு எதிர்த்து வாக்களித்தவர். தேர்தலில் நிற்பதற்காகத்தான் கட்சியை விட்டார். அரசாங்கத்தின் மேல் கோபமாக இருந்தவர்களிடம் போனால், இவரும் அந்த வீட்டுப் பிள்ளைதானே என்றார்கள். கட்சிக்கு விசுவாசமானவர்களிடம் போனால், வீட்டை விட்டுப் போனவர் என்றார்கள். கிளிமெண்டியில் மாடி மாடியாக ஏறி இந்த இரண்டு பதிலையும் ஒரே நடைபாதையில் அடுத்தடுத்த கதவில் கேட்டிருக்கிறேன்.

அந்த வருடம் மே மாதம்தான் பொதுத் தேர்தல். மசெகவுக்கு 60.14 விழுக்காடு, சுதந்திரத்துக்குப் பிறகு அவ்வளவு குறைந்ததே இல்லை, அல்ஜுனிட் குழுத்தொகுதியும் எதிர்க்கட்சியிடம் போனது. வீட்டு விலை, கூட்டமான எம்ஆர்டி, வெளிநாட்டினர் வரவு என்று மக்களுக்கு நிறைய ஆத்திரம். மூன்றே மாதத்தில் அந்த ஆத்திரம் எங்கே போகும்? டான் ஜீ சேயிடம் போனது. அவர் மே மாதம் எதிர்க்கட்சி வேட்பாளராக ஹாலந்து–புக்கித் தீமாவில் நின்றவர். அவருக்கு 530,441 வாக்கு. அதில் நூற்றுக்கு இரண்டு பேர் இந்தப் பக்கம் வந்திருந்தால் போதும். நம் குடும்பத்திலேயே ஒருவர் வந்திருக்கலாம்.

சித்தப்பா, 8:22
அண்ணா

சித்தப்பா, 8:26
14 வருடமாக இதையே சொல்கிறீர்கள். ஆமாம், நான் டான் ஜீ சேயின் இதயச் சின்னத்துக்குத்தான் போட்டேன், அதில் எனக்கு ஒளிவு மறைவு இல்லை. அவர் நிற்காவிட்டால் நான் உங்கள் டாக்டர் டானின் பனைமரத்துக்கு வந்திருப்பேன் என்று நீங்களாக முடிவு செய்துகொண்டீர்கள். வந்திருக்க மாட்டேன், செல்லாத வாக்காகத்தான் போட்டிருப்பேன். பாப்பா, இதையும் எழுதிக்கொள்: அந்தத் தேர்தலில் செல்லாத வாக்கு 37,849. வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல். அவர்களை ஏன் யாரும் திட்டுவதில்லை?

அம்மா, 8:27
அது பனைமரம் இல்லை, தென்னை

பெரியப்பா, 8:27
பனை

மாமா, 8:28
எனக்கு ஈச்சமரம் மாதிரி இருந்தது

மெல்பர்ன் அண்ணன், 8:30
இங்கே இரவு நேரம், சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது போன். யாருக்கு என்ன ஆனது?

பெரியம்மா, 8:30
ஒன்றும் இல்லை கண்ணா, உன் அப்பா 2011 பேசுகிறார். நீ தூங்கு.

மெல்பர்ன் அண்ணன், 8:31
ஓ. சரி. தாத்தா பனைமரம் என்றுதான் சொல்வார்

ஈசூன் அத்தை, 8:32
அவருக்கு ஊரில் எதைப் பார்த்தாலும் பனைதான். பெரியம்மா வீட்டில் எத்தனை பேர் என்று இன்னும் வரவில்லை

நான், 8:34
மாமா, நீங்கள் அப்போது தொழிற்சங்கத்தில் இருந்தீர்கள் அல்லவா? உங்கள் கருத்தும் வேண்டும்

மாமா, 8:41
பாப்பா கேட்பதால் சொல்கிறேன். மச்சான் கோபித்துக்கொள்ளக் கூடாது. அப்போது பல தொழிற்சங்கங்கள் டோனி டானுக்கு வெளிப்படையாக ஆதரவு சொன்னன, எங்கள் சங்கமும். யாரும் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. ஆனால் அந்த ஆகஸ்டு எப்படி இருந்தது என்று யோசி. 5-ஆம் தேதிதான் எஸ் அண்ட் பி என்ற தர மதிப்பீட்டு நிறுவனம் அமெரிக்காவின் கடன் தகுதியை முதல் தடவையாக இறக்கியது, பங்குச் சந்தை எல்லாம் விழுந்தது. 2008-இல் வேலை போனவர்கள் எங்கள் சங்கத்திலேயே இருந்தார்கள், அந்தப் பயம் போகவில்லை. அதிபர் கையில் இருப்பது நாட்டின் இருப்புப் பணத்துக்கான இரண்டாவது சாவி, அதாவது அரசாங்கம் பழைய சேமிப்பைத் தொட அவர் சம்மதமும் வேண்டும். டோனி டான் நிதி அமைச்சராக, துணைப் பிரதமராக இருந்தவர், அரசாங்க முதலீட்டு நிறுவனமான ஜிஐசியில் வேலை பார்த்தவர். சாவியை யாரிடம் கொடுக்கலாம் என்று யோசித்தவர்கள் அவரிடம் போனார்கள். அது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை.

பெரியப்பா, 8:43
மாப்பிள்ளை, நான் கோபப்படவில்லை. நீங்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் நூற்றில் 65 பேர் போடாதவர் அதிபரானார் என்பதும் உண்மை. பிரான்சு மாதிரி முதல் இருவரை வைத்து இரண்டாம் சுற்று இங்கே கிடையாது. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சித்தப்பா, 8:44
தெரியாது. உங்களுக்கும் தெரியாது அண்ணா

அப்பா, 8:46
நாலாவது ஆளை மறந்துவிட்டீர்கள். டான் கின் லியானுக்கு 104,095 வாக்கு, 4.91 விழுக்காடு. 48,000 வெள்ளி வைப்புத்தொகை போனது. அதுவும் 7,382-ஐப் போல 14 மடங்கு. ஆனால் யாரும் அவரைப் பற்றிச் சண்டை போட்டதில்லை.

சித்தப்பா, 8:49
2023-இல் டான் செங் போக்கும் டான் ஜீ சேயும் அதே டான் கின் லியானுக்குத்தான் ஆதரவு தெரிவித்தார்கள். அப்போதும் 14 விழுக்காடு வரவில்லை, ஜெயித்த தர்மனுக்கு 70 விழுக்காட்டுக்கு மேல். நின்றவர்களே சேர்ந்துவிட்டார்கள், நாம் இரண்டு பேரும்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஈசூன் அத்தை, 8:50
அண்ணா, பேசுவதாக இருந்தால் முழுதாகப் பேசுங்கள். நம் அப்பாவின் வாக்கைப் பற்றியும் பாப்பாவிடம் சொல்லுங்கள்.

அம்மா, 8:50
அக்கா வேண்டாம்

ஈசூன் அத்தை, 8:51
எதற்கு வேண்டாம்? ஒவ்வொரு திதிக்கும் தம்பியைத்தானே சொல்கிறார். அவன் சாப்பிடாமல் எழுந்து போன வருடமும் உண்டு.

பெரியப்பா, 8:53
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா, 8:58
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா, 9:02
நாங்கள் 5. வெள்ளி என்றாலும் ஞாயிறு என்றாலும்.

பெரியப்பா, 9:17
பாப்பா, உனக்கு அப்போது மூன்று வயது. தாத்தா மருத்துவமனையில் இருந்தார். இரண்டு மணி நேரம் வெளியே அழைத்துப் போகலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார். அப்போதெல்லாம் மருத்துவமனையில் வாக்குச்சாவடி கிடையாது, 2023-இல்தான் சில முதியோர் இல்லங்களில் வைத்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார வைத்து டாக்சியில் கூட்டிப் போகிறேன், மாலை ஆறு மணிக்குத் தயாராக இருங்கள் என்று நான்தான் சொன்னேன். அவர் நான்கு மணிக்கே வெள்ளைச் சட்டை போட்டு, வாக்கு அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், தாதி பிறகு சொன்னாள். நான் வாக்குச்சாவடி முகவர். கடைசி நேரக் கூட்டம், ஒருவர் பெயர் பட்டியலில் இல்லை என்று தகராறு, கைப்பேசி பையில். மணி பார்த்தபோது 7:40. எட்டுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. யார் ஜெயித்தது என்று மறுநாள் கேட்டார், சொன்னேன். எத்தனை வாக்கில் என்று கேட்டார், அதையும் சொன்னேன். அப்படியா என்றார். இரண்டு மாதத்தில் போய்விட்டார். ஊரார் கதவையெல்லாம் தட்டினேன், பெற்றவருக்கு ஒரு டாக்சி பிடிக்கவில்லை. தம்பி, உன்னைச் சொன்னபோதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

சித்தப்பா, 9:19
அண்ணா விடுங்கள்

சித்தப்பா, 9:20
அன்றைக்கு நானும் வீட்டில் சும்மாதான் இருந்தேன். நான் போயிருக்கலாம். நீங்கள் போவீர்கள் என்று இருந்துவிட்டேன்.

அப்பா, 9:20
நானும்தான்

நான், 9:22
பெரியப்பா, இதை எழுத மாட்டேன்

பெரியப்பா, 9:23
எழுது. பெயர் போடாமல் எழுது.

ஈசூன் அத்தை, 9:31
அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். குரல் பதிவு அனுப்பச் சொன்னார், அது பாதியில் நின்றுவிடுகிறது, அதனால் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பெரியவனே, நான் டோனி டானின் கண்ணாடிச் சின்னத்துக்குத்தான் போட்டேன். அதற்கு முன்னால் அதிபராக இருந்த நாதன் ஐயா பன்னிரண்டு வருடம் சத்தம் இல்லாமல் இருந்துவிட்டுப் போனார், அந்த மாதிரி ஒரு ஆள் வரட்டும் என்று நினைத்தேன். தாளில் எண் இருக்கிறது, யாருக்குப் போட்டோம் என்று தெரிந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்கள், அதற்காக இல்லை. எனக்குப் பிடித்துப் போட்டேன். உன் அப்பா வந்து பனைமரத்துக்குப் போட்டிருந்தாலும் அவருடையதை என்னுடையது தின்றிருக்கும். இதை அவரிடம் அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிட்டேன். சிரித்தார். வீட்டுக்குள்ளேயே தோற்றுவிட்டோமா என்றார்."

மாமா, 9:32
அத்தை கண்ணாடியா!

அம்மா, 9:32
14 வருடமாகச் சொல்லவே இல்லை

மெல்பர்ன் அண்ணன், 9:33
பாட்டி

ஈசூன் அத்தை, 9:34
யாரும் கேட்கவில்லை என்கிறார். தென்னை, பனை இரண்டும் இல்லை, பாக்கு மரமாம்.

சித்தப்பா, 9:36
அண்ணா, ஞாயிற்றுக்கிழமை காலை நான் காரில் வந்து உங்களையும் அண்ணியையும் ஏற்றிக்கொள்கிறேன். எட்டு மணி.

பெரியப்பா, 9:44
சரி தம்பி. 7:45-க்கு வா.

பெரியம்மா, 9:45
வெள்ளிக்கிழமைதான் திதி

ஈசூன் அத்தை, 9:47
அண்ணி, வெள்ளிக்கிழமை நீங்களும் நானும் அம்மாவும் கோவிலில் விளக்கு போடலாம், ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் சாப்பாடு. இதுவரை 26. இன்னும் நான்கு பேர் வேண்டும், இல்லையென்றால் சமையல்காரர் மாட்டார்.

பெரியப்பா, 9:52
என்னோடு அந்தத் தேர்தலில் வேலை செய்தவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். அப்பாவைப் பார்க்க மருத்துவமனைக்கும் வந்தவர்கள். கூப்பிடட்டுமா?

ஈசூன் அத்தை, 9:53
அம்மாவிடம் கேட்டு நாளை சொல்கிறேன்

மாமா, 9:53
வடை?