பறையும் மேடையும்: மனசை விட்டுப் போகாத ஒரு காட்சியைச் சொல்லுங்கள்

அடிக்குச்சி:
கல்லூரி விழா, ஏசி அரங்கு, பத்துப் பறை. தோலைக் காய்ச்சி இறுக்க உள்ளே தீ மூட்டக் கூடாது என்றார்கள். அது நியாயம். வெளியே காய்ச்சிக் கொண்டுவந்தால் சூடு சீக்கிரம் இறங்கித் தோல் தளர்ந்துவிடும், அதுவும் தெரிந்ததுதான். அப்போது ஒரு பொறுப்பாளர், "ஃபைபர் பறை கொண்டுவந்திருக்கலாமே, நெருப்பும் வேண்டாம், தோலும் வேண்டாம்" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு பறையை வாரில் மட்டும் பிடித்து, தோலில் கை படாமல் சுவரோரம் நகர்த்தினார். அடுத்த நிமிஷம் மேடையில் இருந்த மிருதங்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மிருதங்கத்தில் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இருக்கிறது. இழுத்துக் கட்டும் வாரே எருமைத் தோல்தான்.

ஈரக்காற்று:
ஃபைபரைக் கேட்டாலே சாதி என்று முடிவு கட்ட வேண்டாம். ஐப்பசி மழையில் ஓர் ஊர்வலம். எட்டுத் தோல் பறையும் கால் மணி நேரத்தில் 'பொத் பொத்' என்றாகிவிட்டன, கோஷத்துக்கு அடி கேட்கவே இல்லை. கடைசிவரை நின்றவை இரண்டு ஃபைபர் பறைகள்தான். போராட்டத்துக்குச் சத்தம் வேண்டும்.

வேப்பங்கட்டை:
ஈரக்காற்று, தோலைக் குறை சொல்லுமுன் காய்ச்சிய விதத்தையும் பார்க்க வேண்டும். தெருமுனைக் கூட்டம் ஒன்றில் முதல் அடியிலேயே தோல் கிழிந்ததைக் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன். நனைந்த தோலை அவசரமாகத் தீயில் காட்டியிருந்தார்கள். நனைந்தால் முதலில் துணியால் ஒற்றி, காற்றில் உலர விட்டு, பிறகே தீ. வைக்கோல் அல்லது காய்ந்த ஓலை போதும். டயர் கொளுத்தாதீர்கள், கரி படியும். தோல் முகத்தைத் தீயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் சுழற்றுங்கள். ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் மட்டும் சுருங்கி, அடி விழும்போது அங்கேதான் பிளக்கும். ஓரம் அதிகம் சூடானால் தோலை ஒட்டியிருக்கும் புளியங்கொட்டைப் பசை விட்டுப்போகும். நடுவில் விரலால் தட்டிக்கொண்டே இருங்கள், 'டொப்' மாறி 'டங்' என்றதும் எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று நினைத்தால் கெட்டது. நீண்ட நிகழ்ச்சி என்றால் பறைகளை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதி அடிக்கும்போது மறுபாதி தீயோரம் இருக்கட்டும். தோலைத் தாங்கும் வட்டக் கட்டையையும் பாருங்கள்: மூன்று வேப்பந்துண்டுகளை இரும்புப் பட்டை போட்டு இணைத்திருப்பார்கள். பட்டை ஆடினால் எவ்வளவு காய்ச்சினாலும் நாதம் நிற்காது.

சாமிச்சாட்டு:
மழைக்கு ஃபைபர் சரி, ஈரக்காற்று. ஆனால் முதல் பதிவில் மழை எங்கே இருக்கிறது? தொட மறுத்த கை அது. 2020இல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய நூலை வெளியிடத் தந்திருந்த அரங்கைச் சென்னைக் கலை நிறுவனமான கலாக்ஷேத்ரா, அதில் அரசியல் இருக்கிறது என்று சொல்லித் திரும்பப் பெற்றது. தோலை உரித்துப் பதப்படுத்துகிறவரைப் பற்றிப் பேசினாலே அரசியல் ஆகிவிடுகிறது, வாசிப்பவரைப் பற்றிப் பேசினால் கலை. ஊர்ச் சாவுக்குக் கட்டாயம் அடிக்க வேண்டும் என்ற ஏவலை மறுத்துப் பறையைக் கீழே வைத்தவர்கள் உண்டு. அதே பறையை உரிமைக் குரலாக மேடையேற்றியவர்களும் உண்டு. இரண்டுமே சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எல்லோரும் கொண்டாடினோம். அதற்குப் பிறகு ஒரு கோயில் கொடையில் பார்த்தது: சாமிச்சாட்டு என்ற சாமிக்கான பறையடியை அடித்தவர்களுக்கு நிற்க இடம் மதிலுக்கு வெளியே. காசைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார்கள். அடித்தவர்கள் குனியவில்லை. ஆட்டம் முடிந்த பிறகும் அந்த நோட்டுகள் அங்கேயே கிடந்தன.

அடிக்குச்சி:
வேப்பங்கட்டை, எங்கள் பத்தில் இரண்டு பறைகளில் பட்டை ஆடுகிறது. தோலைக் கழற்றாமல் ஆணி மட்டும் மாற்ற முடியுமா?