பண்டைய ரோமின் அன்றாட வாழ்க்கை: கல்லூரியில் முதன்மைத் தாளாக வைக்கலாமா?

ஏட்டுச்சுவடி:
நான் பாடம் நடத்தும் கல்லூரியின் இளங்கலை வரலாற்றுப் பாடத்திட்டத்தில் பண்டைய ரோமுக்கு ஒரே ஒரு தாள்தான் உண்டு. குடியரசின் வீழ்ச்சியிலிருந்து முதல் பேரரசர் அகஸ்டஸின் ஆட்சி வரை விளக்கும் அந்தத் தாளை எடுத்துவிட்டு, ரோமானியரின் அன்றாட வாழ்க்கையைப் பேசும் தாளை வைக்கலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. நான் இதை எதிர்க்கிறேன். உணவு, உடை, குளியல், கேளிக்கை என்று அலகு அலகாகப் படிக்கும் மாணவர்கள், ரோமானியர் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிடுவார்கள். ஏன் அப்படி வாழ நேர்ந்தது என்று கேட்டால் விழிப்பார்கள்.

ரொட்டியையே எடுத்துக்கொள்வோம். ரோம் நகரில் தானியப் பட்டியலில் இடம்பெற்ற ஆண் குடிமகனுக்கு மாதம் 5 மோடியஸ் (ரோமானியத் தானிய அளவை), அதாவது ஏறத்தாழ 33 கிலோ கோதுமை கிடைத்தது. கி.மு. 123-இல் அரசியல்வாதி கையஸ் கிராக்கஸ் மலிவு விலையில் தொடங்கிவைத்த இந்த வழங்கலை கி.மு. 58-இல் இன்னொரு அரசியல்வாதியான குளோடியஸ் இலவசமாக்கினார். 3,20,000 பேராகப் பெருகியிருந்த பட்டியலை ஜூலியஸ் சீசர் 1,50,000 ஆகக் குறைத்தார். அகஸ்டஸின் காலத்தில் அது 2,00,000 அளவில் நிலைபெற்றது. ஆட்சியதிகாரத்துக்காக நடந்த போட்டியை விட்டுவிட்டு இந்த எண்களில் ஒன்றையும் விளக்க முடியாது.

வைகைக்கரை:
நண்பர் ரொட்டியை எடுத்துக்கொண்டது நல்லதாயிற்று. அந்தக் கோதுமை மாவாகி அடுப்புக்குள் போகும் வரை நாமும் கூடவே போய்ப் பார்ப்போம். தென் இத்தாலியின் பொம்பெய் நகரில் மொடெஸ்டஸின் பேக்கரி என்று அழைக்கப்படும் கூடத்தின் அடுப்பை 1862-இல் திறந்தபோது, கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்த வேளையில் உள்ளே இருந்த 81 ரொட்டிகள் கரிந்த நிலையில் கிடைத்தன. பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் கிடைத்த வேறொரு ரொட்டி வட்டமானது, பிட்டுத் தின்ன வசதியாக எட்டுத் துண்டுகளாகக் கீறப்பட்டது. வேகும் முன்பே அதன் மேல் அழுத்திய முத்திரையை இன்றும் வாசிக்கலாம்: குவின்டஸ் கிரானியஸ் வேரஸின் அடிமையான கெலேருக்கு உரியது. ஆண்டானுக்கு மூன்று பெயர்கள். அடிமைக்கு ஒன்றே ஒன்று, அதுவும் ஆண்டானின் பெயரைச் சார்ந்துதான் நிற்கிறது.

அந்த மாவை அரைத்தவர்கள் யார்? 2023-இல் பொம்பெய்யின் ஒன்பதாம் வட்டாரத்தில் வெளிப்பட்ட ஒரு பேக்கரியில் அடிமைகளும் கழுதைகளும் ஒன்றாகப் பூட்டிவைக்கப்பட்டிருந்தனர் என்று அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள். தெருவைப் பார்க்க ஒரு சன்னல்கூட அங்கே இல்லை. வெளிச்சத்துக்காக உயரத்தில் இரும்புக் கம்பியிட்ட சிறு திறப்புகள் மட்டுமே இருந்தன. கண் கட்டப்பட்ட விலங்குகள் திரிகையைச் சுற்றி வரும்போது தடம் மாறாமல் கால் வைப்பதற்காகத் தரைக்கல்லில் அரைவட்டப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கிராக்கஸும் குளோடியஸும் கொண்டுவந்த சட்டங்களை நானும் படித்துத்தான் தேர்வு எழுதினேன். அந்தப் பட்டியலில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை என்பதை அந்தத் தாள் ஒரு வரியில்கூட எனக்குச் சொல்லித்தரவில்லை.

வழக்காடி:
சட்டம் படிப்பவன் என்ற முறையில் சிறியதொரு குறிப்பு. மாடிகளிலிருந்து தெருவில் எறியப்படும், ஊற்றப்படும் பொருள்களைப் பற்றி ரோமானிய நீதி அலுவலரான பிரீட்டரின் ஆணை ஒன்று பேரரசர் ஜஸ்டினியன் காலத்துச் சட்டத் தொகுப்பில் நமக்குக் கிடைக்கிறது. பொருளுக்குச் சேதம் நேர்ந்தால் அந்த வீட்டில் குடியிருப்பவர் இரு மடங்கு ஈடு கட்ட வேண்டும். சுதந்திர மனிதர் ஒருவர் இறந்துவிட்டால் 50 பொற்காசுகள் தண்டம். சுதந்திர மனிதரின் உடலுக்கு விலை மதிப்பிட முடியாது என்பதால்தான் அங்கே தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அடிமைக்கோ விலை உண்டு. அவருடைய சாவு ஆண்டானின் சொத்துக்கு வந்த சேதமாகவே கணக்கிடப்படும். தெருவில் நடந்து போவது என்ற மிகச் சாதாரணமான செயலுக்குள் இவ்வளவு சட்டம் இருக்கும்போது, அன்றாட வாழ்க்கையை எளிதான பாடம் என்று ஒதுக்குவது சரியாகப் படவில்லை.

ஏட்டுச்சுவடி:
எளிது என்று நான் எங்கும் சொல்லவில்லை. என் கவலை சான்றுகளைப் பற்றியது. பொம்பெய் கம்பானியா பகுதியின் ஒரு நடுத்தர நகரம்; அங்கே நமக்குக் கிடைப்பது கி.பி. 79-இன் நிலவரம். பிரிட்டன் முதல் சிரியா வரை பல நூற்றாண்டுகள் பரவிக் கிடந்த ஒரு சமூகத்தை அந்த ஓர் ஊரை வைத்து அளப்பது எப்படி முறையாகும்? தலைநகரில் அடுக்குமாடிகள் அளவுமீறி உயர்ந்ததால் அகஸ்டஸ் 70 அடி என்று வரம்பு விதிக்க வேண்டியிருந்தது. அந்த வாழ்க்கையைப் பொம்பெய்யின் முற்றம் வைத்த வீடுகளில் தேடிப் பயனில்லை.

இலக்கியச் சான்றின் நிலை இன்னும் மோசம். மாவு ஆலையில் நெற்றியில் எழுத்துச் சூடு போடப்பட்ட, பாதித் தலை மழிக்கப்பட்ட அடிமைகளைப் பற்றி அப்புலேயஸ் எழுதியதை, மாணவர்கள் நேரில் கண்டவரின் வாக்குமூலம்போல மேற்கோள் காட்டுகிறார்கள். அது கழுதையாக மாறிய ஒருவன் சொல்வதாக அமைந்த புனைகதை. இடிந்து விழும் வீடுகளைப் பாடிய ஜுவெனால் அங்கதக் கவிஞர். குடும்பங்களின் அமைப்பையும் வயதையும் எண்ணிக் கணக்கிடும்படி நமக்குக் கிடைத்த சிறந்த ஆவணங்கள் எகிப்தில் 14 ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்த குடிக்கணக்கின் பாப்பிரஸ் ஏடுகள். அவை எகிப்தைத்தான் காட்டும், இத்தாலியை அல்ல. இப்படிச் சிதறிக் கிடக்கும் துண்டுகளைக் கொண்டு முதன்மைத் தாள் அமைத்தால், இட்டு நிரப்பும் வேலையைக் கற்பனைதான் செய்யும்.

கல்தச்சன்:
சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவை ஒன்றையொன்று திருத்தவும் செய்கின்றன, அந்தத் திருத்தத்தைக் கற்பதே பயிற்சி. கடைகளுக்கு மேலே சிறு குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் அரைவயிற்றுக் கஞ்சியில் காலம் தள்ளினார்கள் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. ஹெர்குலேனியத்தில் அத்தகைய ஒரு கட்டடத்தின் கீழே ஓடிய கழிவுநீர்க் கால்வாயில் சேர்ந்திருந்த மனிதக் கழிவைச் சலித்து ஆராய்ந்தபோது மீன் முள், கடல்முள்ளெலி, அத்தி விதை, ஒலிவக் கொட்டை என்று பலவகை உணவின் தடயங்கள் வந்தன. பொம்பெய்க்கு வெளியே சிவிட்டா ஜூலியானா மாளிகையில் 2021-இல் கண்டெடுத்த அறை இதற்கு நேர்மாறானது: 16 சதுர மீட்டர் பரப்பில் மூன்று கட்டில்கள், அவற்றில் ஒன்று சிறுவருக்கான நீளம், இடையிடையே சாடிகளும் சாமான்களும்.

பிரிட்டனின் வடக்கில் விண்டோலாண்டா கோட்டையில் 1973 முதல் கிடைத்துவரும் மெல்லிய மரப்பலகை மடல்களையும் மறக்க வேண்டாம். செப்டம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்கு வரும்படி கிளாடியா செவேரா என்ற பெண் தோழியை அழைக்கும் மடல் அவற்றுள் ஒன்று. கடைசி வரிகளை அவரே தம் கையால் எழுதியிருக்கிறார். வேறொரு பலகையில் மிளகுக்கு 2 டெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்று ஒருவர் பெயரில் கணக்கு இருக்கிறது. நம் முசிறித் துறையிலிருந்து மரக்கலம் ஏறிய சரக்கு பேரரசின் கடைசி எல்லையில் நின்ற படைவீரர்கள் வரை எட்டியிருக்கிறது என்றால், அதைச் சமையற்குறிப்பாக ஒதுக்குவது நியாயமா?

ஏட்டுச்சுவடி:
செவேரா கோட்டைத் தளபதி ஒருவரின் மனைவி. அவருடைய பிறந்தநாளைத் தெரிந்துகொள்வதால் அங்கே மண் சுமந்தவரின் வாழ்க்கை தெரிந்துவிடாது.

வைகைக்கரை:
மண் சுமந்தவரை உங்கள் தாள் எந்தப் பக்கத்தில் காட்டுகிறது என்பதே என் கேள்வி. கி.பி. 61-இல் நகரத் தலைவரான பெடானியஸ் செகுண்டஸை அவருடைய அடிமை ஒருவர் கொன்றார். அந்தக் கூரையின் கீழ் இருந்த அடிமைகள் எல்லோரையும் கொல்ல வேண்டும் என்பது பழைய வழக்கம். அவர்கள் 400 பேர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். அச்சம் ஒன்றுதான் இவர்களை அடக்கிவைக்கும் என்று சட்ட அறிஞர் கையஸ் காசியஸ் செனட்டில் வாதிட்டு வென்றார். பொதுமக்கள் கல்லும் தீப்பந்தமும் ஏந்தித் தடுக்க வந்தபோது, பேரரசர் நீரோ வழியெங்கும் படையை நிறுத்தித் தண்டனையை நிறைவேற்றினார். இது அரசியலா, அன்றாட வாழ்க்கையா? தங்கள் வீட்டில் ஊழியம் செய்யும் ஒவ்வொருவரைக் கண்டும் செனட்டர்கள் இரவில் அஞ்சினார்கள் என்பதை அறியாமல் அந்த வாக்கெடுப்பை எப்படி விளக்குவீர்கள்?

ஏட்டுச்சுவடி:
நீரோவின் கீழ் செனட்டுக்கு எவ்வளவு அதிகாரம் மிஞ்சியிருந்தது என்பதை அறியாமலும் அதை விளக்க முடியாது. அந்த விவாதம் செனட்டுக்கு வந்ததால்தான் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அதைப் பதிவு செய்தார். ஆகவே என் வாக்கு இருக்கிற தாளை எடுப்பதற்கு எதிராகவே விழும். மூன்றாம் ஆண்டில் விருப்பத் தாளாக வரட்டும். விண்டோலாண்டா மடல்களை நானே மகிழ்ச்சியோடு நடத்துகிறேன்.

வைகைக்கரை:
விருப்பத் தாளைப் பத்துப் பேர் எடுப்பார்கள். மற்றவர்கள் சீசரையும் அகஸ்டஸையும் மட்டும் தெரிந்துகொண்டு பட்டம் வாங்கிப் போவார்கள். முதன்மைத் தாளின் முதல் அலகிலேயே அந்தப் பேக்கரி இருக்க வேண்டும் என்பதே என் நிலை. கூட்டத்துக்கு முன் மாணவர்கள் சார்பில் அதை எழுத்தில் கொடுக்கப்போகிறோம்.