ஜப்பானில் முதல் வசந்தமா? மார்ச் மாத விடியலைத் தூங்கிக் கழித்துவிடாதீர்கள்

டோக்கியோவின் நிஷிகசாய்க்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் தம்பி ஒருவர் வீட்டு வாடகை, வங்கிக் கணக்கு, பொன்னி அரிசி கிடைக்கும் கடை என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார். "அண்ணா, சனி ஞாயிறு வந்தால் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறேன். ஊரில் இருந்தபோது கேமராவைத் தூக்கிக்கொண்டு வேடந்தாங்கலுக்குப் போவேன். இங்கே பறவை பார்க்க எங்கே போவது?" மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பலர் இருக்கிறார்கள். இதற்கு நான் சொல்கிறேன். எட்டு வசந்தங்களாக இதே எடோகாவா வட்டாரத்தில்தான் பறவை பார்த்துவருகிறேன்.

சகுரா பூக்கட்டும், குளிர் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதற்குள் பாதிப் பறவைகள் கிளம்பிப் போயிருக்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரைதான் இங்கே விசேஷம். குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வந்த வாத்துகள் புறப்படத் தயாராகும். தெற்கே போன தகைவிலான் குருவிகள் திரும்பத் தொடங்கும். வழியனுப்புவதும் வரவேற்பதும் ஒரே மாதத்தில் நடக்கும். மரங்களில் இலையும் இருக்காது. கிளையில் உட்கார்ந்த பறவை முழுதாகத் தெரியும். மே மாதம் இலை அடர்ந்த பிறகு குரல் மட்டும்தான் கேட்கும், பறவை அகப்படாது.

தம்பி, உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தொலைவில் கசாய் ரின்காய் பூங்கா இருக்கிறது. பஸ்ஸும் உண்டு, கேயோ ரயில் பாதையில் அதன் பெயரிலேயே நிலையமும் உண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை. நம்மவர்கள் அங்கே பெரிய ராட்டினத்தையும் மீன் காட்சியகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கிழக்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் நடந்தால் பறவைகளுக்கென்றே ஒதுக்கிய பகுதி வரும். நன்னீர் மேல்குளம் ஒன்று, உப்புநீர் கலந்த கீழ்க்குளம் ஒன்று. பறவைகள் மிரளாமல் பார்ப்பதற்காக மறைப்புச் சுவர் கட்டி, அதில் சிறு சன்னல்கள் வைத்திருக்கிறார்கள். பூங்காவை ஒட்டிய கடற்பகுதி 2018இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. டோக்கியோவில் அந்தத் தகுதி பெற்ற முதல் இடம் அதுதான். நம் வேடந்தாங்கலுக்கு அது 2022இல் கிடைத்தது. நீங்கள் விட்டுவந்த இடத்துக்கும் வந்து சேர்ந்த இடத்துக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

கடற்கரையில் இரண்டு திட்டுகள் உண்டு. மேற்குத் திட்டில் நாம் நடக்கலாம். கிழக்குத் திட்டு பறவைகளுக்கு மட்டும். மனிதர் காலடி வைக்கக் கூடாது. மார்ச் மாதத்தில் கரையில் நின்று கடலைப் பாருங்கள். தூரத்தில் கறுப்புக் கம்பளம் விரித்தாற்போல் மிதப்பவை சுசுகமோ வாத்துகள். அவற்றைவிட எனக்குப் பிடித்தது கன்முரி கைட்சுபுரி. நம் ஊர்க் குளத்து முக்குளிப்பானின் பெரிய உறவு, கொண்டை வைத்தது. சனவரியில் பார்த்தால் வெளுத்துப்போய், கழுத்து நீண்ட சாதாரணப் பறவை. மார்ச் நடுவில் கன்னத்தின் இருபுறமும் செம்பழுப்புப் பிடரி முளைத்திருக்கும். ஒருநாள் காலை காற்று ஓய்ந்து கடல் தகடுபோல் கிடந்தது. இரண்டு பறவைகள் நெஞ்சோடு நெஞ்சு முட்டுகிற அளவுக்கு நெருங்கி, பிடரியைக் குடைபோல் விரித்து, தலையை இடமும் வலமுமாக ஆட்டின. ஒன்று நிறுத்தினால் மற்றதும் நிறுத்தும். ஒன்று தொடங்கினால் மற்றதும் தொடங்கும். கேமரா கழுத்தில்தான் தொங்கியது. அதை எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன்: முதல் சம்பளத்தில் பெரிய லென்ஸ் வாங்காதீர்கள். முதலில் பைனாகுலர் வாங்குங்கள். 8 மடங்கு போதும். 10 மடங்கு கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும். ஒரு வசந்தம் முழுவதும் பார்த்த பிறகு உங்களுக்கு எந்த லென்ஸ் வேண்டும் என்பது தானாகத் தெரியும். குளத்து வாத்துகளுக்கு 300 மில்லிமீட்டரே நிறைய. பூ மரத்துக் குருவிக்கு 400 முதல் 600 வரை வேண்டியிருக்கும். ஜப்பானில் பழைய கேமராக் கடைகள் அருமையானவை. பொருளின் நிலையை ஒளிக்காமல் அட்டையில் எழுதி வைப்பார்கள். 'கபி' என்றிருந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை. 'குமோரி' என்றிருந்தால் கண்ணாடி மங்கியிருக்கிறது. இந்த இரண்டு சொற்களையும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். 'ஜங்க்' என்று எழுதியதை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து மொழி. சீனத்திலிருந்து வந்த 'கஞ்சி' எழுத்துகளைக் கண்டு மலைத்துப்போய் நிற்கிறீர்களா? பறவைக் கையேடுகளில் பெயர்கள் கட்டகனா என்ற எளிய ஒலியெழுத்தில்தான் இருக்கும். கட்டகனாவை இரண்டு வாரத்தில் படித்துவிடலாம். பெயர்களின் பொருளைக் கேட்டால் உங்களுக்கு ஊர் நினைவு வந்துவிடும். மெஜிரோ என்றால் கண் வெளுத்தது. நாம் வெள்ளைக்கண்ணி என்கிறோம். ஹாஷிபிரோகமோ என்றால் அலகு அகன்ற வாத்து, நமக்குத் தட்டைவாயன். ஓனாககமோ என்றால் வால் நீண்ட வாத்து; நமக்கு ஊசிவால் வாத்து. தட்டைவாயனும் ஊசிவாலும் குளிர்காலத்தில் தமிழ்நாட்டு ஏரிகளுக்கும் வருகிற அதே இனங்கள்தாம். ஹிடோரிகமோவைப் பார்த்தால் நெற்றியில் மஞ்சள் கோடு தெரியும். அதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் நாமத்தலை வாத்து. அந்தப் பெயரை என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நாமம் போட்டுக் காட்டி விளக்கினேன். அதுவரை வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு குளத்தில் என்ன வந்தாலும் என்னிடம் சொல்லாமல் போவதில்லை.

பிப்ரவரி, மார்ச்சில் உமே என்ற ஜப்பானிய பிளம் மரம் பூக்கும். பூவுக்குள் பச்சைக் குருவி தலையை விட்டு ஆட்டுவதைப் பார்த்து, "ஆகா, உகுயிசு!" என்று படத்தை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். உமே மரமும் உகுயிசு என்ற பாடும் குருவியும் சேர்ந்தே இருக்கும் என்று இங்கே பழமொழி உண்டு. ஆனால் பூவில் தேன் குடிப்பது மெஜிரோ. உகுயிசு மங்கலான பழுப்புப் பச்சை. புதருக்குள் ஒளிந்து திரியும். அதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேளுங்கள். நன்கு தேர்ந்த பாட்டு "ஹோ... ஹோகெக்யோ" என்று முடியும். மார்ச் தொடக்கத்தில் அது வராது. "ஹோ... கெக்" என்று பாதியில் நிற்கும்; மறுபடி தொடங்கும்; மறுபடி தடுக்கும். நாள்தோறும் அதே புதர் அருகே போய்க் கேளுங்கள். மாதக் கடைசியில் ஒருநாள் முழுப்பாட்டும் பிசகில்லாமல் வரும். அன்று முழுதும் உங்களுக்கு நல்ல நாள்.

மெஜிரோவைப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. அதைத் துரத்தாதீர்கள். பூ நிறைந்த ஒரு கிளையைத் தேர்ந்து, வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. அது தலைகீழாகத் தொங்கும், ஒரு பூவில் ஒரு நொடிகூட நிற்காது. ஆனால் ஹியோடோரி என்ற பெரிய பறவை வந்து விரட்டினாலும் சிறிது நேரத்தில் அதே மரத்துக்குத் திரும்பி வரும். காத்திருந்தால், நெற்றியெல்லாம் மகரந்தம் அப்பிய முகத்தோடு நேராக உங்களைப் பார்க்கும் ஒரு படம் கிடைக்கும்.

இனிச் சொல்லப்போவதை நீங்கள் தவறாமல் படிக்க வேண்டும்.

இங்கு பூங்காவில் நீண்ட லென்ஸோடு பத்துப் பேர் அமைதியாக நிற்பார்கள். அவர்கள் முன்னால் போய் நிற்காதீர்கள். பின்னால் வந்து, மெல்லிய குரலில் "நானி கா இமாசு கா?" என்று கேளுங்கள். ஏதாவது இருக்கிறதா என்று பொருள். பெரும்பாலும் தங்கள் கேமராத் திரையையே காட்டி, எந்தக் கிளை என்று விரலால் சுட்டுவார்கள். நான் முதல் ஆண்டில் இதை அறியாமல், ஜோபிடாகி என்ற சிறு குருவி ஒன்றைப் படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்கிப் புல்லுக்குள் நடந்துவிட்டேன். பறவை பறந்துபோனது. ஒரு மணி நேரம் காத்திருந்த அம்மையார் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் கேமரா முக்காலியை மடித்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அந்த முகம் இன்றும் நினைவில் இருக்கிறது.

1934இல் நகானிஷி கோடோ தொடங்கிய ஜப்பான் காட்டுப் பறவைச் சங்கம் நடத்தைக்கென்று சில விதிகள் சொல்கிறது: பிடிக்காதே, பறிக்காதே, அமைதியாக இரு, பாதையை விட்டு விலகாதே, படம் எடுப்பதாலும் இரை போடுவதாலும் பிறருக்குத் தொல்லை தராதே, கூட்டை நெருங்காதே. இந்தச் சங்கத்தின் கிளைகள் ஊருக்கு ஊர் 'டான்சோகாய்' என்ற பறவை நடை நடத்துகின்றன. உறுப்பினர் அல்லாதவர்களும் போகலாம் என்று அறிவிக்கிற நடைகள் நிறைய உண்டு. மொழி தெரியாது என்று தயங்காதீர்கள். கடைசியில் எல்லாரும் வட்டமாக நின்று, அன்று பார்த்த பறவைகளைப் பெயர் பெயராக வாசித்துச் சரிபார்ப்பார்கள். அதைவிட நல்ல கட்டகனா வகுப்பு நான் பார்த்ததில்லை.

செல்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். இணை தேடும் பருவத்தில் அது பறவையைச் சித்திரவதை செய்வது. ஆந்தையோ அரிய பறவையோ கண்டால் இடத்தைச் சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள். அடுத்த வாரம் அங்கே கூட்டம் சேர்ந்துவிடும். குடியிருப்புத் தெருவில் வீடுகளை நோக்கியும் பள்ளி மைதானத்தை நோக்கியும் லென்ஸை நீட்டாதீர்கள். நீங்கள் பார்ப்பது குருவியைத்தான் என்று அந்த வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? குடியிருப்பு அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்; அதை உடன் வைத்திருப்பது நமக்குச் சட்டக் கடமை.

குழந்தையை அழைத்து வரலாமா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். தாராளமாக வரலாம், ஆனால் கடற்காற்றை லேசாக எண்ண வேண்டாம். மார்ச் காலையில் வெப்பநிலை ஐந்து டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். கையுறையும் வெந்நீர்க் குடுவையும் அவசியம். சுகி என்ற ஜப்பானிய தேவதாரு மர மகரந்தம் பறக்கும் காலம் என்பதால் கண் அரிப்பு, தும்மல் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். வந்த ஆண்டில் ஒன்றும் இல்லாதவர்களுக்குக்கூடச் சில ஆண்டுகளில் வந்துவிடுகிறது. குழந்தைக்குத் தட்டைவாயன் கூட்டத்தைக் காட்டுங்கள். பத்து இருபது சேர்ந்து தலையை நீருக்குள் வைத்தபடி வட்டமடித்துச் சுற்றும். சுழலில் மேலே வரும் நுண்ணுயிர்களை அந்தத் தட்டை அலகால் வடிகட்டித் தின்னும். என் மகள் அதை வாத்துகளின் கும்மி என்பாள்.

டோக்கியோவுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. நகோயாவில் புஜிமாஎ சேற்றுநிலம், ஒசாகாவில் கோட்டைப் பூங்கா, புகுஓகாவில் வஜிரோ சேற்றுநிலம். கியூஷுவில் இருந்தால் காகோஷிமா மாவட்டத்து இசுமியில் பல்லாயிரம் பெருங்கொக்குகள் (கிரேன்) கூட்டங்கூட்டமாக வடக்கே கிளம்புவதைப் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள். ஹொக்கைடோக்காரர்களுக்கு ஏப்ரலில் மியாஜிமா சதுப்பில் காட்டு வாத்துக்களின் பெருங்கூட்டம்.

கடைசியாக ட்சுபமே, அதாவது தகைவிலான். மார்ச் கடைசியில் டோக்கியோ ரயில் நிலையக் கூரைக்கடியில் வந்து கூடு கட்டும். எச்சம் தலையில் விழாமல் இருக்க, கூட்டுக்குக் கீழே குடையைத் தலைகீழாகக் கட்டி வைப்பார்கள். வீட்டு இறவாரத்தில் அது கூடு கட்டினால் அதிர்ஷ்டம் என்பது இங்குள்ள நம்பிக்கை. முதல் ட்சுபமே எந்த நாளில் வந்தது, முதல் உகுயிசு எப்போது பாடியது என்று ஜப்பான் வானிலைத் துறை 1953 முதல் நாடெங்கும் குறித்துவந்தது. விலங்கு, பறவைகள் குறித்த அந்தப் பதிவை 2020 முடிவோடு நிறுத்திவிட்டது. பின்னர் 2021இல் தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் பொதுமக்களைச் சேர்த்துக்கொண்டு அந்த வேலையைத் தொடர முன்வந்தது. நீங்களும் ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொண்டு தேதி போட்டு எழுதுங்கள். என் நோட்டில் எட்டு ஆண்டுத் தேதிகள் இருக்கின்றன.

தம்பி, வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கீழ்க்குளத்துச் சன்னல் சுவருக்கு அருகே இருப்பேன். இன்னொரு பைனாகுலர் கொண்டுவருகிறேன். கையுறையை மறந்துவிடாதீர்கள்.